ஐம்பத்தைந்து நிமிடத்தில் ஐந்து பஸ்

ஃபோனில் தேன் ஒழுகப் பேசுகிறவர்களைப் பதினொண்ணு என்று எல்லோரும் கூப்பிடும் கிழவர் நம்புவதே இல்லை. அன்றைக்குக் காலை ஒன்பது முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குரல் அப்படித்தான் ஒழுகியது.

"ஐயா, வீட்டைப் பார்க்க எங்க சிஸ்டர் மூணு மணிக்கு வருவாங்கன்னு சொல்லியிருந்தோம் இல்லையா? அதைப் பத்தரைக்கு மாத்தியாச்சு. உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"யாரு மாத்துனது?"

"உங்க மகன்தான் கேட்டுக்கிட்டாரு. உங்களுக்கும் அதுதான் வசதின்னு சொன்னாரு ஐயா."

"வசதி... ரொம்ப வசதி," என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். வைத்த பிறகுதான் அந்த வீட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

பார்க்க நன்றாக இல்லை. ஏழு வாரமாக அவர் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை, படுத்து எழுந்திருந்தார், அவ்வளவுதான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெண்டாட்டி பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். விடிந்தால் போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்வார். காவல்காரன் மூன்று தடவை சொன்ன பிறகு கிளம்புவார். சமையலறைத் தொட்டியில் தம்ளர்கள் ஒன்றன்மேல் ஒன்று கோபுரம் கட்டியிருந்தன. முன்னறையில் வாசலை ஒட்டி அவளுக்கென்று வாங்கிப் போட்ட கட்டில், மூலையில் அவள் படிக்க வரும் செய்தித்தாள் முழங்கால் உயரம். மின்விசிறி இறக்கைகளில் தூசி மீசை வைத்திருந்தது. குளியலறையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது மரியாதை.

வார்டில் சொல்லிவிட்டார்கள். இனிமேல் அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் தேவையில்லை, ஆனால் சும்மா அனுப்ப மாட்டோம். ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஊன்றி நடக்கிற ஒருத்தி இருக்கத் தக்க வீடுதான் என்று எழுதிக் கொடுத்தால் அவள் வீட்டுக்கு வரலாம். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் முதியோர் பராமரிப்பு இல்லம். அதற்கும் இடம் பார்த்து வைத்தாகிவிட்டது. பார்த்து வைத்தது மகன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். வாசலில் நின்றான். கண்ணை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றவிட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, போய்விட்டான். திட்டுகிறவனைக்கூட நம்பலாம். ஒன்றும் சொல்லாமல் போகிறவன் எங்கேயோ போய்ச் சொல்லப் போகிறான் என்று அர்த்தம். அப்போதே பதினொண்ணுக்கு மனசில் உறுத்தியது. இப்போது உறுத்தலுக்கு விடை கிடைத்துவிட்டது. மூன்று மணி என்றால் கிழவன் பெருக்கித் துடைத்து வைத்துவிடுவான். பத்தரை என்றால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

"பிடிடா பார்ப்போம்," என்று காலி வீட்டில் சத்தமாகவே சொன்னார்.

அவருக்குப் பதினொண்ணு என்ற பெயர் சும்மா வரவில்லை. பஸ் டிப்போவில் முப்பத்தெட்டு வருஷம் வண்டி சுத்தம் செய்தவர். ஒரு டிரிப் முடிந்து வண்டி உள்ளே வந்து அடுத்த டிரிப்புக்கு வெளியே போவதற்குள், ஐம்பத்திரண்டு சீட்டு, கம்பிகள், ஜன்னல்கள், தரை, எவனோ எடுத்த வாந்தி, எல்லாவற்றையும் பதினோரு நிமிடத்தில் முடிப்பார். மற்றவர்களுக்கு இருபது ஆகும். மேலாளர் ஒருத்தர் நம்பாமல் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். பத்தே முக்கால் நிமிடம். அந்தக் கால் நிமிடத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, "உங்களைப் பார்த்துட்டு நின்னேன்," என்றாராம்.

ஐம்பத்தைந்து நிமிடம். பதினொன்றால் வகுத்தால் ஐந்து. சமையலறை ஒரு பஸ், குளியலறை ஒரு பஸ், உள்ளறை ஒரு பஸ், நடை ஒரு பஸ், முன்னறை ஒரு பஸ். கணக்கு கச்சிதமாக நின்றது. மூச்சு வாங்க ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. மூச்சைச் சிஸ்டர் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

டிப்போவில் வேலைக்கு ஒரு முறை உண்டு. பின் சீட்டிலிருந்து முன் வாசலுக்கு. மேலேயிருந்து கீழே. ஒருபோதும் திரும்பிப் போகக்கூடாது. கையில் எது அகப்பட்டாலும் ஒரே கேள்வி: குப்பையா, விட்டுப்போனதா? குப்பை என்றால் வெளியே. குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு என்று விட்டுப்போன சாமானாக இருந்தால் நேராக டிரைவர் சீட்டில் போட வேண்டும். டிரைவர் அதை எடுத்து ஒப்படைக்காமல் உட்கார முடியாது, வண்டி நகராது. யோசிக்கக் கூடாது. திறந்து பார்க்கக் கூடவே கூடாது. திறந்து பார்த்தவன் பதினோரு நிமிடத்தில் முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

சமையலறைதான் வீட்டுக்குப் பின் சீட்டு. தம்ளர்களைச் சோப்புத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டு, அவை ஊறுகிற நேரத்தில் அலமாரி மேல்தட்டைத் துடைத்தார். காய்ந்துபோன ரொட்டி, குப்பை. மூடி இல்லாத பாட்டில், குப்பை. பாட்டில் இல்லாத மூடி, அதுவும் குப்பை. பெண்டாட்டி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாதம் நடந்திருக்கும். பிறகு கைப்பிடிகள், சுவிட்சுகள். பயணி தரையைப் பார்க்க மாட்டான், கம்பியைத்தான் பிடிப்பான், பிடித்தது பிசுபிசுத்தால் வண்டியே நாறுகிறது என்பான். ஒன்பது நாற்பத்தேழுக்குச் சமையலறை வாசலில் நின்றார். ஒரு நிமிடம் தாமதம்.

குளியலறையில் அந்த ஒரு நிமிடத்தைத் திரும்பப் பிடித்தார். டிப்போவில் தேய்க்கிற நீளக் காம்புப் பிரஷ்ஷை ஓய்வு பெற்ற அன்று யாரிடமும் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். அதை வைத்துச் சுவரிலிருந்து தரைவரை ஒரு பிடி பிடித்தார். அவள் விழுந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை தேய்த்தார். முறைப்படி அது தப்பு, ஆனால் தேய்த்தார். பிறகு போன வாரம் தானே சுவரில் துளை போட்டு இறுக்கிய கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். உடைத்துப் போட்ட பஸ்ஸிலிருந்து பழைய சிநேகிதன் அறுத்துக் கொடுத்த மஞ்சள் கம்பி. அசையவில்லை.

உள்ளறையை முடித்து நடைக்கு வந்தபோது முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டன. அவர் பேச்சுவார்த்தைக்குத் தயாராக இல்லை. பழைய செய்தித்தாளைக் கிழித்து நனைத்துத் தரையில் தூவினார். ஈரத் தாள் தூசியைப் பிடித்துக்கொள்ளும், மேலே எழும்ப விடாது. டிப்போவில் எல்லோரும் செய்வதுதான். வாசலைத் திறந்துவைத்துப் பெருக்கத் தொடங்கியதும் எதிர் வீட்டுத் தையல்காரி தலையை நீட்டினாள்.

"என்னண்ணே, வீட்டைக் காலி பண்றீங்களா?"

"இல்லம்மா. நீ எட்டிப் பார்க்கணும்னுதான் இவ்வளவு பாடு."

"ஒரு குரல் குடுத்தா வரமாட்டேனா? இங்க குடுங்க அந்தத் துடைப்பத்தை."

"ஒண்ணும் வேண்டாம். உள்ள வந்து பார்த்துட்டு மாடி மாடியா வாசிக்கவா?"

"வாசிக்கிறதுக்கு இனிமே என்ன இருக்கு? ஏழு வாரமா உங்க வீட்டு வாசனையே எல்லாத்தையும் வாசிச்சிருச்சு," என்று சொல்லிவிட்டு, அவர் கேட்காமலே வாசலில் நின்ற மூன்று குப்பை மூட்டைகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மூன்றாவதுக்குத் திரும்பி வந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. நன்றி சொல்லவும் நேரமில்லை. இரண்டாவது அவருக்கு ரொம்ப வசதி.

நடையின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி மகனுடைய சாமான்கள் இருந்தன. கல்யாணமாகிப் போனபோது, "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்பா," என்று விட்டுப்போனவை. அந்த அடுத்த வாரம் வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. நான்கு அட்டைப்பெட்டி, ஒரு மீன் தொட்டி, கம்பியில்லாத கிதார், சுழலாத மேசை விசிறி, இரும்புக் குண்டு இரண்டு. வாக்கர் வைத்து நடக்கிறவள் இந்த நடையில் எப்படி வருவாள்? குப்பையா, விட்டுப்போனதா? விட்டுப்போனது. கை தானாக எடுத்தது. ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னறைக்குக் கொண்டுபோய் வைத்தார். குண்டு இரண்டையும் காலால் உருட்டிக்கொண்டு போனார். அவளுடைய கைப்பை, விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அவசரத்தில் நழுவிய அதே பை, செருப்பு அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. ஒரு நொடி நின்றார். திறக்கவில்லை. அதையும் கொண்டுபோய் வைத்தார்.

முன்னறைக்கு ஒன்பது நிமிடம்தான் இருந்தது. மின்விசிறியை நாற்காலி மேல் ஏறித் துடைத்தார். எழுபத்து மூன்று வயதில் நாற்காலி மேல் ஏறுகிறவனை யாரும் பார்க்காமல் இருந்தது நல்லது. ஜன்னல், மேசை, கதவின் கைப்பிடி, கடைசியாகத் தரை. ரப்பர் பட்டையால் ஈரத்தை வாசல்வரை தள்ளிவிட்டு, காய்ந்த துணியைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டே பின்னோக்கி வெளியே வந்தார். வந்து நிமிர்ந்தார். பத்து இருபத்தெட்டு.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். இரண்டு பேர்.

முன்னால் வந்தவள் நடுவயது சிஸ்டர். தடித்த கண்ணாடி, தோளில் கனத்த பை. சிரிக்கவில்லை. அதுவே பதினொண்ணுக்குப் பாதி திருப்தி. பின்னால் மகன், இஸ்திரி போட்ட சட்டையும் வருத்தப்பட்ட முகமுமாக. வருத்தத்தையும் இஸ்திரி போட்டுத்தான் கொண்டு வந்திருந்தான்.

"சிஸ்டர், நான் முன்கூட்டியே சொல்லிடறேன், அப்பா தனியா இருக்காரு, அதனால வீடு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவன் வாசலுக்குள் பார்த்ததும் வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டான்.

"கொஞ்சம்? சொல்லுடா. கொஞ்சம் என்ன?" என்றார் பதினொண்ணு.

சிஸ்டர் எதையும் காதில் வாங்காமல் உள்ளே போனாள். செருப்பு நுனியால் தரையை அழுத்திப் பார்த்தாள். வழுக்கவில்லை. நடையில் ஒரு டேப்பை விரித்து அகலம் அளந்து எழுதினாள். குளியலறைக் கம்பியைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டு இழுத்தாள்.

"யாரு மாட்டுனது?"

"நான்தான்."

"எந்தக் கடையில வாங்கினீங்க? இவ்வளவு உறுதியா நான் பார்த்ததே இல்லை."

"கடையில இல்லம்மா. பஸ்ஸுல."

அவள் அதையும் எழுதினாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கோழிக் கிறுக்கலில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அவர்களுக்குத்தான் தெரியும். எட்டி எட்டிப் பார்த்தார்.

எல்லா இடமும் பார்த்து முடித்துச் சிஸ்டர் முன்னறைக்குத் திரும்பினாள்.

"சரி ஐயா. அம்மா எங்க படுப்பாங்க? நான் முக்கியமா பார்க்க வந்தது அதைத்தான்."

"இதோ, வாசல் பக்கத்துலயே கட்டில்..." என்று கையை நீட்டியவர் கை நீட்டியபடியே நின்றார்.

கட்டில் தெரியவில்லை. கட்டில் இருந்த இடத்தில் ஒரு மலை இருந்தது. நான்கு அட்டைப்பெட்டி, மீன் தொட்டி, கிதார், விசிறி, குண்டு, குடைகள், கைப்பை, ஒரு வாளி நிறையக் கலந்துகட்டியாகச் சாமான். முன் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது டிரைவர் சீட்டு. முப்பத்தெட்டு வருஷம் பழகிய கை, யாரையும் கேட்காமல், விட்டுப்போனதையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருந்தது. வீடு முழுக்கப் பளபளவென்று இருந்தது. யாருக்காகத் துடைத்தாரோ அவளுக்கு மட்டும் இடமில்லை.

மகன் மெதுவாக மூச்சு விட்டான்.

"பார்த்தீங்களா சிஸ்டர்? இதைத்தான் நான் பயந்தேன். அவருக்கு மனசு இருக்கு, இல்லைங்கல. ஆனா நிதானம் இல்லை. அம்மாவுக்குன்னு வாங்கின கட்டில்லயே..."

பதினொண்ணுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. தப்பு தன்னுடையதுதான். அதை ஒத்துக்கொள்ள அவருக்கு வெட்கமில்லை, ஆனால் இவன் முன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"நேரத்தை மாத்துனது நீதானே?"

"அப்பா, அது வந்து..."

"ஆமாவா இல்லையா?"

"ஆமா. தினம் தினம் நீங்க எப்படி இருக்கீங்களோ அதை அவங்க பார்க்கணும்னுதான். ஒரு நாள் கூத்துக்குத் துடைச்சு வெச்சதை இல்லை."

"நல்லது. கையை நீட்டு."

"என்னது?"

"கையை நீட்டுடா."

மகன் பழக்கதோஷத்தில் கையை நீட்டினான். பதினொண்ணு ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி அதில் வைத்தார். அதன்மேல் இரண்டாவது.

"அப்பா!"

"உன்னோடதுதான். விட்டுப்போன சாமான். உரியவரு வந்தா ஒப்படைக்கணும், அது எங்க சட்டம்." மூன்றாவது பெட்டி மகனுடைய மோவாய்வரை வந்தது. அதன்மேல் கிதாரைப் படுக்க வைத்தார். "பதினாலு வருஷமா உங்க அம்மா இந்தப் பெட்டிங்களுக்குப் பக்கவாட்டுல நடந்துதான் குளிக்கப் போனா. அப்ப வராத நிதானம் உனக்கு இப்ப எங்கேருந்துடா வந்துச்சு?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மிச்சத்தைப் பதினொண்ணு ஒவ்வொன்றாக இறக்கினார். மீன் தொட்டி படிக்கட்டு ஓரம், விசிறி அதன் பக்கத்தில். குண்டை எடுக்கக் குனிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று பேருக்கும் அது தெரிந்தது. மறைக்கப் பார்க்கவில்லை, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலி போகும்வரை நின்றார்.

மகன் பெட்டிகளைக் கீழே வைத்தான். இப்போது அவன் முகத்தில் இஸ்திரி கலைந்திருந்தது.

"இதுதாம்பா. இதுக்குத்தான். உங்களை அசிங்கப்படுத்தணும்னு இல்லை. அம்மா ராத்திரி எழுந்து, நீங்க தூக்கப்போயி, ரெண்டு பேரும் விழுந்து கிடந்தா? யாரு பார்ப்பா? எனக்கு யாரு சொல்லுவா? நான் தூங்கியே ஏழு வாரம் ஆச்சு."

அவன் பயந்திருக்கிறான் என்பது பதினொண்ணுக்கு அப்போதுதான் புரிந்தது. சதி என்று நினைத்ததில் பாதி பயம். அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

"விழுந்தா விழுந்துட்டுப் போறோம். அவ பக்கத்துல கிடப்பேன். நீ காலையில வந்து ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்கவெச்சுத் திட்டு. அங்க அந்த இல்லத்துல அவ விழுந்தா, தூக்கறதுக்கு ஆள் இருக்கும்டா, ஒத்துக்கறேன். யாரு விழுந்ததுன்னு பேர் கேட்டு எழுதிட்டுத் தூக்குவான். என் பொண்டாட்டி பேரை எனக்கு எழுத வராது. ஆனா விழுந்தது யாருன்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை."

எதிர் வீட்டுத் தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது. தையல்காரி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மாத்திரை?" என்று திடீரென்று கேட்டாள் சிஸ்டர்.

"காலையில மூணு. வெள்ளை சாப்பாட்டுக்கு முன்னாடி, மத்த ரெண்டும் பின்னாடி. மத்தியானம் மஞ்சள். ராத்திரி வெள்ளையும் பாதி நீலமும். வார்டுல ஒரு நாள் முழு நீலத்தைக் குடுத்தாங்க, நான்தான் பிடுங்கி உடைச்சேன்."

"கட்டில்லேருந்து எழுப்பும்போது எந்தப் பக்கம் நிப்பீங்க?"

"நல்ல கால் பக்கம். தூக்க மாட்டேன். அவதான் எழுந்திருக்கணும், நான் கம்பி மாதிரி நிப்பேன்."

"அதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுக்கணும்? ஏழு வாரமா வார்டுல உங்க நர்ஸுப் பிள்ளைங்க செய்யறதைப் பார்த்துட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரையும் நம்பல, அதனால கண்ணை எடுக்கல."

சிஸ்டர் காலியான கட்டிலின் உயரத்தை அளந்தாள். நான்கு விரற்கடை தாழ்வு, கால்களுக்குக் கீழே கட்டை வைக்க வேண்டும் என்றாள். தினமும் ஒரு ஆள் காலையில் வந்து குளிப்பாட்டிவிடுவார், அவரை வாசலோடு திருப்பி அனுப்பினால் தான் எழுதியதைத் தானே கிழித்துப் போடுவேன் என்றாள். ஒரு மாதம் பார்க்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் வருவேன்.

"வாங்க. எந்த நேரம் வேணும்னாலும் வாங்க. இவனையும் கூட்டிட்டு வாங்க."

"ஆனா ஒண்ணு," என்று சிஸ்டர் ஃபோனை எடுத்தாள். "ரெண்டு பேரும் மாறி மாறிப் பேசறீங்க. அம்மாவை யாராவது கேட்டீங்களா, எங்க இருக்கப் பிரியம்னு?"

அப்பனும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு முதல் தடவையாக இருவரும் ஒரே மாதிரி முழித்தார்கள். மகன் கேட்கவில்லை, அவளுக்கு எது நல்லது என்று அவனுக்குத் தெரியும். பதினொண்ணு கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றியது. அந்த இல்லத்தில் தோட்டம் இருக்கிறதாம். பேசப் பெண்கள் இருப்பார்களாம். சமைக்க வேண்டாமாம். அவள் போகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்வியைப் பிரஷ்ஷால் தேய்க்க முடியாது.

வார்டில் யாரோ எடுத்து, யாரோ நடந்து, அவள் கைக்கு ஃபோன் போக ஒரு பஸ்ஸைக் கழுவுகிற நேரம் ஆனது. சிஸ்டர் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். மகன் பார்த்து வைத்த இல்லத்தைப் பற்றியும் நல்லவிதமாகவே சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது, படுத்தே கிடந்து கொஞ்சம் தடித்துப்போன குரல்.

"சிஸ்டர், வீடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. பளிச்சுன்னு இருக்கு. ஐயா காலையில உட்கார்ந்து..."

"அந்த ஆளா? அவரா சுத்தம் பண்ணுனாரு?"

"ஆமாம்மா."

"எவ்வளவு நேரத்துல?"

"ஒரு மணி நேரம்கூட இல்லையாம்."

"போச்சு," என்றாள் அவள். "அப்ப ஒரு சாமானும் இருந்த இடத்துல இருக்காது. கரண்டி பாத்ரூம்ல இருக்கும், சோப்பு சமையல்கட்டுல இருக்கும். தோட்டமாவது, கீட்டமாவது! நான் வந்தாத்தான் அந்த வீட்டைத் திரும்ப வீடாக்க முடியும். இன்னைக்கே அனுப்பச் சொல்லுங்க."

பதினொண்ணு ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்தார். இடுப்பு வலித்தது, பரவாயில்லை.

"எல்லாம் வெச்ச இடத்துலதான் இருக்கு!" என்று கத்தினார். "எதையும் தொடலை! வந்து பாரு!"

சுத்தப் பொய். அவளுடைய கரண்டி எங்கே இருக்கிறது என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது.